கண் முதலில் எங்கே போகும்?
பக்க வடிவமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

● எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஏ4 அளவில் நோட்டீஸ் செய்கிறேன். மூன்று நாள் நிகழ்ச்சி, 60 நன்கொடையாளர் பெயர், கமிட்டியார் 12 பேரின் படம். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எதுவும் தெரியவில்லை. ஆனால் "எங்க பேரை இன்னும் பெரிசா போடு" என்கிறார்கள். என்ன செய்வது?
– டிடிபி தொழிலாளர், சங்கரன்கோவில்

பெரிது, சிறிது என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான். அறுபது பெயரையும் 18 பாயிண்ட் எழுத்தளவில் போட்டால் ஒருவர் பெயரும் பெரிதாகத் தெரியாது; அம்மன் பெயர்தான் சிறுத்துப்போகும். அறுபது பேரும் ஒரே நேரத்தில் மைக்கைப் பிடித்துப் பேசினால் என்ன கேட்குமோ, அதுதான் இப்போது உங்கள் தாளில் தெரிகிறது.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் செய்தி முழுவதையும் வெள்ளைத்தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள். எந்தக் கோயில், என்ன விழா, என்றைக்கு: இந்த மூன்றுக்கு மட்டும் 1. நாள்வாரி நிகழ்ச்சிகளுக்கு 2. பெயர்கள், அச்சக வரி எல்லாம் 3. ஒன்றாம் எண் மூன்று வரியைத் தாண்டினால் கமிட்டியோடு மறுபடி உட்காருங்கள். இந்தச் சண்டையைத் தாளில் முடிக்காமல் மானிட்டரில் முடிக்க முடியாது.

அடுத்தது எழுத்தளவு. 10, 16, 26, 42 பாயிண்ட் என்று நான்கே அளவு போதும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. 14-க்குப் பக்கத்தில் 16 வைத்தால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. கை தவறிப் போட்டது போல இருக்கும். வேறுபடுத்துவதானால் பளிச்சென்று வேறுபடுத்துங்கள், இல்லையென்றால் ஒரே அளவில் விட்டுவிடுங்கள்.

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. நான்கு பக்கமும் 12 மி.மீ. மார்ஜின் விட்டால் உள்ளே 186 மி.மீ. அகலம் கிடைக்கும். அதில் 58 மி.மீ. அகலத்தில் மூன்று பத்தி, நடுவே 6 மி.மீ. சந்து இரண்டு. முன்பக்கத்தின் மேல்பாதி முழுவதும் ஒன்றாம் எண்ணுக்கும் அம்மன் படத்துக்கும். கீழ்ப்பாதியில் மூன்று நாளுக்கு மூன்று பத்தி. பெயர்களும் படங்களும்? தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரே வண்ணத்தில் அடித்தால் செலவும் பெரிதாக ஏறாது. 60 பெயர், பத்திக்கு 20. 10 பாயிண்ட் எழுத்து, 15 பாயிண்ட் வரி இடைவெளி (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை) என்றால் 106 மி.மீ. உயரத்தில் முடிந்துவிடும். படங்கள் 26 மி.மீ. அகலத்தில் வரிசைக்கு ஆறு, நடுவே அதே 6 மி.மீ. இரண்டு படமும் ஒரு சந்தும் சேர்ந்தால் சரியாக 58 வரும். படங்களின் ஓரமும் பெயர்களின் ஓரமும் ஒரே கோட்டில் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் "நீட்டா இருக்கு" என்பார்.

இனி இடைவெளி. ஒரு தொகுப்புக்குள் வரிகளுக்கு நடுவே 2 முதல் 3 மி.மீ., தொகுப்புக்கும் தொகுப்புக்கும் நடுவே குறைந்தது 8 மி.மீ. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும் என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் 1923-இல் வெறும் புள்ளிகளை வரிசைப்படுத்தியே விளக்கினார். பல நோட்டீஸ்களில் நடப்பது இதற்கு நேர்மாறு: "இரண்டாம் நாள்" என்ற தலைப்பு, முதல் நாளின் கடைசி வரிக்கும் இரண்டாம் நாளின் முதல் வரிக்கும் சரிபாதியில் மிதக்கும். அது எதற்குச் சொந்தம் என்று தெரியாததால் ஒரு கோடு, அதுவும் போதாமல் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பூ பார்டர். இடைவெளியைச் சரிசெய்தால் மூன்றுக்கும் வேலை இல்லை.

நேரத்தையும் நிகழ்ச்சியையும் ஸ்பேஸ் பாரால் தள்ளி வைக்காதீர்கள், டேப் வையுங்கள். "காலை 6.00" எல்லாம் ஒரு நேர்கோட்டிலும், "கணபதி ஹோமம்" முதலியவை அடுத்த நேர்கோட்டிலும் தொடங்க வேண்டும். படங்களில் கண்கள் எல்லாம் ஒரே மட்டத்தில், முகத்தின் உயரம் சட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், பின்னணி ஒரே நிறம். ஒருவர் முகம் மட்டும் பெரிதாக இருந்தால் விழாவைவிட அதுதான் பேச்சாகிவிடும்.

பெயர்களின் அளவுத் தகராறுக்கு எழுத்து வரிசை நல்ல வழி. தொகையைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் தொகையைத் தலைப்பாக்கி, பெயர்களை அதன்கீழ் ஒரே அளவில் கொடுங்கள்.

● ஆங்கிலத்தில் பார்க்க அழகாக இருக்கும் டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டதும் கெட்டுவிடுகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவி, திருச்சி

அந்த டெம்ப்ளேட்டின் அழகில் பாதி ஆங்கிலப் பெரிய எழுத்தின் உபயம். ஒரே உயரம், மேலும் கீழும் எதுவும் நீட்டாது, அதனால் வரிகளை ஒட்டி அடுக்கலாம். எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அகலப்படுத்தலாம். தமிழில் பெரிய எழுத்து இல்லை. 'கூ', 'ழு' கீழே இறங்கும். 'கீ' மேலே ஏறும். புள்ளி தலைக்கு மேல் நிற்கும். வரி இடைவெளி ஒரு மடங்காக இருந்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும்.

எனவே தமிழைப் போட்டவுடன் சில மாற்றங்கள் செய்யுங்கள். வரி இடைவெளியைத் தலைப்புக்கு எழுத்தளவைப் போல 1.25 முதல் 1.3 மடங்கும், ஓடும் எழுத்துக்கு (பத்தியாகத் தொடர்ந்து வரும் எழுத்து) 1.5 மடங்கும் ஆக்குங்கள். 11 பாயிண்ட் என்றால் 16 அல்லது 17. எழுத்து இடைவெளியை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கூட்டிய இடைவெளியில் 'கொ' என்பதன் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் விலகி, மூன்று தனி எழுத்துகளாகத் தெரியும். எழுத்துப் பெட்டியை ஒன்றரை மடங்கு அகலமாக்கிக்கொண்டு தொடங்குங்கள். நம் சொற்கள் நீளம்.

இரு ஓரமும் சமமாக நிற்கும்படி வரிகளை இழுக்கும் ஜஸ்டிஃபை வேண்டுமென்றால் வரிக்கு ஐந்து சொல்லாவது கொள்ள வேண்டும். மூன்று சொல் கொள்ளும் பத்தியில் இழுத்தால் நடுவில் வாய்க்கால் ஓடும். அங்கே இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலதை விட்டுவிடுங்கள்.

சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டுவதில்லை. மென்பொருள் நேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்ப்பதால் வட்டங்கள் நசுங்கும். அழுத்தம் தர வேண்டிய சொல்லுக்கு நிறத்தையோ தடிமனையோ மாற்றுங்கள். தடிமன் என்றால் ஃபான்ட்டிலேயே வரைந்து வைத்த தடிமன். 'பி' பொத்தானை அழுத்தி மென்பொருள் ஊதிப் பெருக்கிய தடிமனில் 'ண', 'ஞ', 'இ' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 8 பாயிண்டில் மைக்கறைதான் மிஞ்சும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் ஆகிய யூனிகோடு ஃபான்ட்கள் பல தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வேலைக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு தடிமன் எடுத்தால் போதும். ஐந்து ஃபான்ட் கலந்த பக்கம் ஃபான்ட் விற்பவரின் விலைப்பட்டியல் மாதிரித்தான் தெரியும்.

ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால் குற்றம் ஃபான்ட்டில் இல்லை. பழைய பதிப்பென்றால் முன்னுரிமைகளில் (பிரிஃபரன்சஸ்) எழுத்து (டைப்) பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளையும் உள்ளடக்கிய எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசர் என்று இருக்கும்.

● பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அதைச் சுற்றி மஞ்சள் அவுட்லைன். ஃபிளெக்ஸில் பார்த்தால் எழுத்து ஆடுவது போல இருக்கிறது. இரண்டுமே அடர்த்தியான நிறம்தானே?
– ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடைக்காரர், தேனி

நிறம் வேறு, வெளிச்சம் வேறு. எழுத்தின் ஓரத்தைக் கண் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். நிறம் மட்டும் மாறி வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஓரம் எங்கே என்று கண்ணுக்குத் தீர்மானமாகத் தெரியாது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் ஆடுவதாக உணர்கிறோம்.

இதை அளக்க வலைப்பக்கக்காரர்கள் ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21. ஒரே நிறம் என்றால் 1. ஓடும் எழுத்துக்கு 4.5-ம், பெரிய எழுத்துக்கு 3-ம் குறைந்தபட்சம். திரையின் முழுச் சிவப்பை அடர்பச்சைமேல் (சிவப்பு 0, பச்சை 128, நீலம் 0) வைத்தால் வெறும் 1.3. முழு நீலத்தின்மேல் சிவப்பு வைத்தால் 2 சொச்சம். சிவப்பின்மேல் மஞ்சள் 3.7, பெரிய எழுத்துக்கு ஒப்பேறும், சின்ன எழுத்துக்குப் போதாது. அதே மஞ்சளை அரக்கு நிறத்தின்மேல் (128, 0, 0) வைத்தால் 10. கருநீலத்தின்மேல் 15 வரும். மஞ்சள்மேல் கறுப்பு 19-ஐத் தாண்டும். வாடிக்கையாளர் சிவப்புதான் வேண்டும் என்று நின்றால் அதை அரக்காக இறக்கி, எழுத்தை மஞ்சளாக்கிவிடுங்கள். மங்கலம் குறையாது, எழுத்தும் தெரியும்.

விகிதம் கணக்கிட நேரமில்லையா? டிசைனின் நகலை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து சாம்பலுக்குள் கரைந்தால் ஃபிளெக்ஸிலும் கரையும்.

மஞ்சள் அவுட்லைன் இந்த நோய்க்கு மருந்தல்ல, வெறும் கட்டுதான். போட்டே ஆக வேண்டுமென்றால் கோடு எழுத்துக்கு வெளியே விழட்டும். சாதாரணமாகக் கோட்டின் பாதி எழுத்துக்குள் விழுந்து அதைத் தின்னும். கோரல்டிராவில் அவுட்லைனை நிரப்பலுக்குப் பின்னால் வைக்கும் தெரிவு உண்டு. உருவம் பெரிதானால் கோடும் சேர்ந்து தடிக்கும் தெரிவையும் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சின்ன அளவில் செய்து பத்தடிக்கு இழுத்ததும் அவுட்லைன் மட்டும் மயிரிழையாக நிற்கும்.

● என் பாத்திரக்கடைக்கு 10 அடிக்கு 3 அடியில் புதுப் பெயர்ப்பலகை. எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? பலகையில் என்னென்ன போடலாம்?
– கடை உரிமையாளர், கும்பகோணம்

யார், எங்கிருந்து, எவ்வளவு வேகத்தில் வந்து பார்க்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் கடக்கும். பெயரைப் படித்து, வேகம் குறைத்து, ஓரம் கட்ட மூன்றரை விநாடி என்று வைத்தாலும் 40 மீட்டருக்கு முன்பே எழுத்து தெரிய வேண்டும். 40 மீட்டர் என்பது 130 அடி. பலகைத் தொழிலில் உள்ள பழைய கணக்கு: பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்றால் சிரமமில்லாமல் படிக்கலாம். ஆக 13 அங்குலம். இந்த உயரம் 'க', 'ப' போன்ற வெறும் எழுத்தின் உயரம். கொக்கி, புள்ளி, வாலைச் சேர்த்து அளக்காதீர்கள். அவற்றையும் சேர்த்தால் 20 அங்குலம் வரை பிடிக்கும்.

இப்போது அகலம். 120 அங்குலத்தில் இருபுறமும் 6 அங்குலம் விட்டால் 108. தமிழ் எழுத்து ஒன்று சராசரியாகத் தன் உயரத்தைவிடச் சற்று அகலமானது, 16 அங்குலமாவது வேண்டும். அதாவது ஆறேழு எழுத்துதான் கொள்ளும். உங்கள் பெயர் அதைவிட நீளமென்றால் எழுத்தை நெருக்கி ஒடுக்காதீர்கள்; உயரத்தை 10 அங்குலமாக்குங்கள். 30 மீட்டரிலிருந்து தெரியும். அது போதும்.

தமிழ்நாட்டு விதிப்படி தமிழ்தான் முதலில், மேலோங்கியும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5 : 3 : 2 என்பது அரசு சொல்லும் அளவு. வடிவமைப்புக் கண்ணோட்டத்திலும் அது நல்ல விகிதமே. முதலாவது எது, இரண்டாவது எது என்ற குழப்பம் வராது.

என்னென்ன போடலாம் என்பதற்குக் கடுமையான பதில்: பெயர், தொழில். அவ்வளவே. தொலைபேசி எண்ணை ஓடும் வண்டியிலிருந்து யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். அதைக் கதவுக்குப் பக்கத்தில் கண்மட்டத்தில் வையுங்கள். எவர்சில்வர், பித்தளை, குக்கர் படங்களைப் பலகையில் ஏற்றினால் பெயருக்கான இடம் போய்விடும். கடைக்குள் அடுக்கியிருக்கும் பாத்திரமே வெளியே தெரியுமே!

இரண்டு இடங்களில் பலரும் இடறுகிறார்கள். சாலைக்கு இணையாக மாட்டிய பலகையை ஓட்டி வருபவர் பக்கவாட்டில்தான் பார்ப்பார். எழுத்து அவருக்கு ஒடுங்கித் தெரியும். சுவரிலிருந்து குறுக்கே நீட்டும் இரண்டடிச் சதுரத்தில் இருபக்கப் பலகை ஒன்று, தொழிலின் பெயரை மட்டும் தாங்கி நின்றால், பெரிய பலகையைவிட அதிக வேலை செய்யும். இன்னொன்று, உள்ளே விளக்கு வைத்த எழுத்துகள். இரவில் வெளிச்சம் பரவிக் கோடுகள் தடித்துத் தெரியும். 'ண', 'றை' போன்றவற்றின் உள்வெளிகள் மூடிக்கொள்ளாமலிருக்கப் பகலில் சற்று மெலிவாகத் தோன்றும் எழுத்தையே தேர்ந்தெடுங்கள்.

● "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, காசு முழுப் பக்கத்துக்குத்தானே கொடுத்தேன்" என்கிறார் விளம்பரதாரர். என்ன பதில் சொல்வது?
– விளம்பரப் பிரிவு ஊழியர், மதுரை

பதில் சொல்லாதீர்கள், காட்டுங்கள். அதே விளம்பரத்தை இரண்டு விதமாகச் செய்து, பத்திரிகையின் உண்மையான ஒரு பக்கத்தில் மற்ற விளம்பரங்களுக்கு நடுவே ஒட்டி, கைநீட்டும் தூரத்தில் பிடித்துக் காட்டுங்கள். தனியாகத் திரையில் பார்க்கும்போதுதான் காலியிடம் வீணாகத் தெரியும். நெரிசலான பக்கத்தில் காலியிடம் உள்ள விளம்பரத்துக்குத்தான் கண் முதலில் ஓடும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் வேறுபட்டு இருப்பது அது ஒன்றே.

எல்லாக் காலியிடமும் நல்லதல்ல. பக்கமெங்கும் இரண்டு மூன்று மி.மீ. துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் அது உண்மையிலேயே வீண். விளம்பரதாரர் சொல்வது சரி. அந்தத் துண்டுகளை எல்லாம் ஒரு பக்கமாகத் திரட்டுங்கள். செய்தியை இடதுபுறம் அல்லது அடிப்பகுதியில் சேர்த்து வைத்தால் எஞ்சிய இடம் ஒரே பரப்பாகி, பொருளின் படத்துக்கு மேடையாகும். ஓர மார்ஜின் எப்போதும் உள்ளே இருக்கும் இடைவெளிகளைவிடப் பெரிதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளடக்கம் சட்டத்தை விட்டு வெளியே வழிவது போலத் தெரியும்.

● எல்லாவற்றையும் நடுவில் வைத்தால்தான் சமநிலை வருமா?
– ஓவிய ஆசிரியர், நாகர்கோவில்

நடுவில் வைப்பது சமநிலைக்கு மிக எளிய வழி; ஒரே வழியல்ல. சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியைப் பாருங்கள். திருவாசி வட்டம் முழுச் சமச்சீர். உள்ளே இருக்கும் உருவமோ சமச்சீரே இல்லை. தலையும் முயலகன்மேல் ஊன்றிய வலக்காலும் நடு அச்சைப் பிடித்துக்கொள்கின்றன. தூக்கிய இடக்காலும் அதைச் சுட்டும் இடக்கையும் உடலைக் குறுக்கே கடந்து நம் இடப்பக்கம் போகின்றன. அந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டிய உருவத்தை மறுபக்கத்தில் நெருப்பேந்திய கை இழுத்துப் பிடிக்கிறது. பல திருமேனிகளில் பறக்கும் இடைத்துணியின் முனையும் சேர்ந்துகொள்கிறது. சமநிலை இருக்கிறது, அசைவும் இருக்கிறது. நடு அச்சின் இருபுறமும் ஒரே மாதிரி வைத்திருந்தால் அது நின்ற கோலமாகியிருக்கும்.

மாணவர்களுக்கு இதையே தாளில் செய்து காட்டலாம். 20 செ.மீ. சதுரத்தில் ஒரு பெரிய கறுப்பு வட்டத்தை இடப்பக்கம், நடுவுக்கு அருகில் ஒட்டுங்கள். ஒரு சின்ன வட்டத்தை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஓரத்துக்கு அருகில் எங்கோ ஓரிடத்தில் "இப்ப சரி" என்பார்கள். சின்னதாக இருந்தாலும் நடுவிலிருந்து தள்ளி இருப்பதற்குக் கனம் அதிகம். அதே சின்ன வட்டத்தைச் சிவப்பாக்கினால் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்காது. ஒரு மனித முகத்தை வைத்தாலும் அப்படித்தான், கண் அதை விடாது.

திருமணப் பத்திரிகை, இரங்கல் அறிவிப்பு, பட்டயம்: இவற்றுக்கு நடுவாக அடுக்குவதே பொருத்தம். நாலு வரிக்கு மேல் போகும் பத்தியை மட்டும் நடுவாக்காதீர்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் கண் தேடித் திரிய வேண்டியிருக்கும்.

● தங்க விகிதத்தில் அமைத்தால் டிசைன் தானாக அழகாகிவிடும் என்கிறார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆகாது. தங்க விகிதம் என்பது நீளம் அகலத்தைப் போல 1.618 மடங்கு இருப்பது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஏ4 தாளின் விகிதம் 1.414, அதனால் யாரும் ஏ4-ஐ அசிங்கம் என்று சொன்னதில்லை. முடித்த ஓவியத்தின்மேல் தங்க விகிதச் சுருள்கோட்டைப் பொருத்திக் காட்டும் படங்களை நம்பாதீர்கள். போதுமான அளவு நகர்த்தினால் அது எதன்மேலும் பொருந்தும். விகிதங்களால் ஒரு பயன் உண்டு. ஒரே விகிதத்தைப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கையாண்டால் ஒழுங்கு வரும். அது 1.6 ஆனாலும் சரி, 1.5 ஆனாலும் சரி.

● பள்ளி ஆண்டு விழாவுக்கு செல்போனில் படம் எடுக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா?
– ஆசிரியை, விழுப்புரம்

கட்டாயமில்லை. படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைப்பதுதான் இந்த விதி. 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் நிலக்காட்சிகளில் நிலமும் வானமும் சரிபாதியாகப் பிரிவதைத் தவிர்க்கச் சொன்ன வழி அது. பிறகு எல்லாவற்றுக்கும் விதியாகிவிட்டது. கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளை இயக்கிவிட்டு, தனியாள் படத்தில் கண்களை மேல்கோட்டில் வையுங்கள். தலைக்கு மேல் தேவையில்லாத கூரை வராது. மேடையில் இடப்பக்கம் பார்த்துப் பேசுபவரை வலக்கோட்டில் வைத்து, அவர் பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள். பரதநாட்டியக் குழு நடுவில் அணிவகுத்து நின்றால் நீங்களும் மேடையின் நடுவுக்கு நேராக நின்று நடுவிலேயே எடுங்கள்.

விதியைவிட அதிகம் கெடுப்பவை வேறு. குழந்தையின் தலையிலிருந்து முளைக்கும் மைக் கம்பத்துக்கு, நீங்கள் ஓரடி நகர்ந்தால் போதும். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் படத்தின் ஓரம் வெட்டினால் உறுப்பு குறைந்தது போலத் தோன்றும். தொடை நடுவில் வெட்டலாம். குழந்தைகளை நின்றபடி மேலிருந்து எடுக்காமல் அவர்கள் கண்மட்டத்துக்கு உட்காருங்கள்.

● வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அட்டையில் போட்டேன், மங்கிப்போனது. திரையில் கருநீலமாக இருந்தது அச்சில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. பிரஸ்காரரைக் கேட்டால் என்னைக் குறை சொல்கிறார்.
– சிற்றிதழ் நடத்துபவர், கோவை

இரண்டிலும் அவர் சொல்வதே சரி. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தை நீளவாட்டில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1600-ஐ 300-ஆல் வகுத்தால் சுமார் ஐந்தே கால் அங்குலம். அதற்குமேல் இழுத்தால் மங்கும். படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது. பத்தடி ஃபிளெக்ஸுக்கு முழு அளவில் 72 இருந்தாலே போதும். தள்ளி நின்றுதானே பார்க்கப்போகிறோம்.

நீலத்தின் கதை: திரை ஒளியால் ஆனது, அச்சு சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் ஆனது. சயான் 100, மெஜந்தா 100 சதவீதம் என்று இருந்தால் அச்சில் ஊதாதான் வரும். சயானைவிட மெஜந்தாவைக் குறைந்தது 30 குறைத்து, 70-க்கு மேல் போகாமல் வையுங்கள். கிளிப்பச்சையும் பளீர் ஆரஞ்சும் நான்கு மையில் எப்படியும் மந்தப்படும், அவற்றை நம்பி அட்டையை அமைக்காதீர்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100. நான்கு மையையும் கலந்து கறுப்பு செய்தால் பிளேட் இழைபிசகினாலும் எழுத்துக்கு வண்ண நிழல் விழும்.

● அடிக்கக் கொடுப்பதற்கு முன் நானே சோதித்துக்கொள்ள வழி உண்டா?
– வாசகி, பட்டுக்கோட்டை

உண்டு. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அல்லது திரையில் தீப்பெட்டி அளவுக்குக் குறையுங்கள். அப்போதும் தெரிவது எதுவோ அதுவே உங்கள் ஒன்றாம் எண். அது நீங்கள் நினைத்ததாக இல்லாமல் ஓரத்துப் பூவாக இருந்தால் பூவை எடுங்கள். தலைகீழாகத் திருப்பினால் சொற்கள் மறைந்து கனம் மட்டும் தெரியும். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். பத்தடி அகல ஃபிளெக்ஸை ஏ4-இல் படுக்கைவாட்டில் அச்சிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதைச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்றால், 60 அடியில் நின்று ஃபிளெக்ஸைப் பார்ப்பதற்குச் சமம். பிறகு, விஷயம் தெரியாத ஒருவரிடம் மூன்று எண்ணும் நேரம் மட்டும் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டாரிடம் கேட்க வேண்டாம், "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

● அழைப்பிதழில் ஓரத்தில் இருந்த மண்டபத்தின் பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. இன்னொரு பக்கத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது.
– அச்சக உதவியாளர், சிவகாசி

இரண்டுக்கும் ஒரே காரணம்: கட்டிங் மெஷினில் தாள் அடுக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. நகரத்தான் செய்யும். பின்னணி நிறத்தையும் படத்தையும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டிவிடுங்கள். பெயர், தேதி, முகம் எதுவும் வெட்டுக்கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ.க்குள் வரக்கூடாது. ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடும் ஆசையை விட்டுவிடுங்கள், ஒரு மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து காட்டிக்கொடுக்கும். பார்டர் வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள்.